ரெண்டு படி

மகள்: பென்சிலைக் கீழ வைங்கப்பா! இது நான் போட்ட பிளான்.

அப்பா: ஒரே ஒரு கோடுதானேம்மா... இந்தப் பக்கம் இன்னொரு மாடிப்படி.

மகள்: அந்தப் பக்கம்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?

அம்மா: அது எனக்கு.

மகள்: படிக்கட்டுலகூடவா உனக்கு, அவருக்குன்னு பங்கு?

அப்பா: இல்ல... ஏறி இறங்க வசதியா இருக்கும்னு...

மகள்: மலைச் சரிவுல கட்டுறோம்பா. மழைத் தண்ணி தேங்காம வழிய கூரை கூம்பா எழும்பும். கீழ ஒரே ஹால், நடுவுல தூண் கிடையாது. அந்தக் காலத்துல வைக்கோல் போட்டு வைப்பாங்களே, அந்தக் கொட்டகை மாதிரி. ஆனா ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி...

அம்மா: கையில இருக்கிறதை எல்லாம் கொட்டி, கடைசில கொட்டகைல குடியிருக்கணும்.

மகள்: அம்மா, சும்மா இரு! மேல பரண் மாதிரி ஒரே ஒரு ரூம். உங்க ரெண்டு பேருக்கும். எழுந்ததும் எதிர்மலை தெரியும். எதிர்க் கோடியில நீங்க கேக்கிற இன்னொரு ரூமையும் போட்டா ஹால் இருட்டிப் போயிடும்.

அப்பா: லைட் போட்டுக்கலாம்.

மகள்: பட்டப்பகல்லயா?

அம்மா: உங்கப்பா விடுற குறட்டைக்கு...

மகள்: முப்பது வருஷமா விடுறாரு.

அப்பா: இவ மட்டும் என்ன, விடியறதுக்குள்ள பாத்திரத்தை உருட்ட ஆரம்பிச்சிடுவா.

மகள்: சரி, கீழயே ஒரு சின்ன ரூம் ஒதுக்கித் தர்றேன்.

அப்பா: வேண்டாம். மேலதான்.

அம்மா: எதிர்க் கோடியில.

மகள்: அடேங்கப்பா, இதுல மட்டும் என்ன ஒத்துமை! நேத்து காலைல ஆறு மணிக்கு அப்பா போன் பண்ணி, அவர் பக்கம் ஒரு அடுப்பு மேடை வேணும்னாரு. ஏழு மணிக்கு நீ பண்ணி, உன் பக்கம் ஒண்ணு வேணும்னே. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்குத் தனித்தனியா போன்?

அம்மா: நான் குளிச்சிட்டு இருந்தேன்டி...

மகள்: அப்பா பேசும்போது பின்னால ரயில் சத்தம். நம்ம வீட்டுப் பக்கம் ஏது ரயில்?

அப்பா: அது... நடக்கப் போயிருந்தேன்.

மகள்: ஸ்டேஷன் வரைக்குமா? தெருமுனைக் கடைக்குக்கூட நடக்க மாட்டேன்னவரு!

அப்பா: அதை விடும்மா, பிளானைப் பாரு.

மகள்: ரெண்டு பரண், ரெண்டு படி, ரெண்டு அடுப்பு. வேற யாராவது வந்து கேட்டிருந்தா முகத்துக்கு நேரா கேட்டிருப்பேன். இது ஒரு வீடா, ரெண்டு வீடா?

அம்மா: கேக்காத.

மகள்: கேக்கிறேன். சொல்லுங்க!

அப்பா: சொல்லிடலாம்.

அம்மா: வேண்டாங்க. மாசமா இருக்கா.

அப்பா: இன்னும் எத்தனை நாள் மூடி மறைக்க? ஆமாம்மா... நான் ஸ்டேஷன் பக்கத்துல தனியா இருக்கேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரமே கோர்ட்ல எல்லாம் முடிஞ்சுது.

மகள்: முந்தின வாரமா? மேடையில ஜோடியா நின்னு சிரிச்சீங்களே...

அப்பா: உனக்காக.

மகள்: எனக்காகவாம்! அப்ப இந்த வீடு எதுக்கு? ஆளுக்கொரு பக்கம் போயிருக்க வேண்டியதுதானே! ஆறு மாசமா உக்காந்து உக்காந்து வரைஞ்சேனே, என்னை எதுக்கு முட்டாளாக்கினீங்க?

அம்மா: நாளைக்குக் கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு, அப்பா வீட்டுக்கு ரெண்டு நாள், அம்மா வீட்டுக்கு ரெண்டு நாள்னு நீ அலையக் கூடாது. உனக்கு வந்து நிக்க ஒரே வாசல்தான் இருக்கணும்... பத்து வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாம எடுத்த முடிவு இது ஒண்ணுதான்டி.