கைப்பிடிக்கு ஒரு அளவு

பேருந்து மரக்காணத்தைத் தாண்டியதும், முன் இருக்கையில் இருந்தவர் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து மனைவியிடம் சொன்னார்: "கையக் குடு, அளவு எடுக்கணும்."

"வளையலா?"

"கத்திக்குப் பிடி."

"ஞாயித்துக்கெழம ஆனா தோட்டத்துல டங்கு டங்குனு இரும்ப அடிச்சீங்களே, அது எனக்கா?"

"பின்ன? மொத ரெண்டு கத்தியும் விரிசல் விட்டுடுச்சு. பழுக்கக் காய்ச்சி உப்பளத்துத் தண்ணியில முக்குனது என் தப்பு. இத எண்ணெயில முக்குனேன், நின்னுடுச்சு."

"கீழ விழுந்ததுலேர்ந்து வெரலு முழுசா மடங்கல. எனக்கு எதுக்குங்க கத்தி?"

"அதான் பிடிய தடியா வெக்கப் போறேன். நான் அரியுற மீனுல செதிலு இருக்குதுன்னு நீதானே தெனமும் திட்டுற? இனிமே நீயே அரிஞ்சுக்கோ."

பாதி மடங்கிய அந்தக் கையைச் சுற்றி நூலை ஓட்டி, முடிச்சுப் போட்டார். கீழ்புத்துப்பட்டு வரும்வரை அந்த அம்மா கையை எடுக்கவில்லை.

"பிடி போட்டு முடிச்சதும் கீழ வெக்கிறேன், எடுத்துக்கோ. கத்தியக் கையில குடுத்தா சண்ட வரும்."

"கீழ வெச்சா எனக்கு எடுக்க வராதுங்க. கையிலயே குடுங்க. சண்ட வந்தா போட்டுக்கலாம்."