எந்த ஊருக்கு மழை?

...பிறகென்ன, மன்னாரிலை வெள்ளம்! அசையாதேங்கோ பிள்ளை, நூல் இழுக்கேக்கை புருவம் கோணிப்போடும். எல்லாம் உவன் மரியோவாலை வந்த வினை. என்ரை தம்பி. அவுஸ்திரேலியாவுக்குப் படகிலை போனவன். அங்கை ஒரு பட்டிக்காட்டிலை இறைச்சி ஃபெக்டரியிலை வேலை.

ஊரோ உது? பேர் யறன்டூல். வாய்க்குள்ளை நுழையுதோ? முந்தித் தங்கம் எடுத்தவங்களாம். தங்கம் முடியச் செம்மறி, செம்மறி முடியக் கோதுமை. அதுக்கெல்லாம் முதல் ஆதிக்குடிச் சனத்தின்ரை இடமாம், அவையளைத் துரத்திப்போட்டுத்தான் வெள்ளையள் வந்தவங்களாம். அதைச் சொல்லேக்கை மட்டும் இவன்ரை குரல் இறங்கும். இப்ப குடிக்க ஒரு தவறணை, ஒரு பேக்கரி, முகத்திலை மொய்க்கக் கோடிக்கணக்கிலை இலையான். ரயிலும் நிக்கிறேல்லை! ஆனா ஒருத்தன் காய்ச்சலெண்டு படுத்தா வாசலிலை நாலு கேக் வந்திருமாம். இஞ்சை இந்தப் பனி நாட்டிலை, அஜக்ஸிலை, எனக்குப் பக்கத்து வீட்டுக்காரின்ரை பேரே தெரியாது... அதை நான் அவனுக்குச் சொல்லேல்லை.

வாடா, பேஸ்மென்ட்டை உனக்கெண்டு வைச்சிருக்கிறன் எண்டு எத்தினை வருசமாக் கூப்பிடுறன். ம்ஹூம்.

போன மாதம் ஃபோனிலை, "அக்கா, ஊரிலை மழையில்லை, பயிரெல்லாம் கருகுது, பள்ளிக்கூடத்தையும் பூட்டப்போறாங்கள்" எண்டு அழுவாரைப்போலை சொல்லுறான். ஊரெண்டா எங்களுக்கு எது? மன்னார்தானே! உடனை ஃபாதரிட்டைச் சொல்லி, கோயில் நிறையச் சனம் முழங்காலிலை நிண்டு மன்னாருக்கு மழை கேட்டுது. ஆண்டவரும் கேட்டதுக்கு மேலாலை குடுத்திட்டார். மன்னாரிலை மச்சாள் மக்டலீன் வெள்ளத்துக்குக் கட்டிலிலை ஏறி நிண்டு ஃபோனிலை பேசின பேச்சு... அப்பப்பா!

மரியோவைக் கேட்டா, "நான் எங்கட ஊரையெல்லோ சொன்னனான், யறன்டூலை" எண்டான். எங்கட ஊராம்! நெஞ்சுக்குள்ளை சுருக்கெண்டுது பிள்ளை.

திரும்பவும் ஃபாதரிட்டைப் போய், அந்தக் கோதாரிப் பேரைச் சொல்லிக் குடுத்தன். போன ஞாயிறு முழுச் சனமும் யறன்டூலுக்கு மழை வேண்டினது. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டாம் ஆண்டவரே, அந்த ஊர் காஞ்சாத்தான் என்ரை தம்பி என்னட்டை வருவான் எண்டு... சிரிக்காதேங்கோ, நூல் வெட்டிப்போடும்.

அடுத்த நாளே ஃபோன். "அக்கா, மழை கொட்டுது! நனைஞ்சுகொண்டு நிக்கிறன்!" எண்டு கத்துறான். பின்னாலை ஊரே கத்துது. ஆண்டவரும் அவன்ரை பக்கம் நிண்டிட்டார், நான் என்ன செய்ய? அவனோடை சேந்து நானும் கத்தினன் பிள்ளை, கண்ணீர் ஓட ஓட.

எங்கை, மற்றப் பக்கத்தைக் காட்டுங்கோ.