மஞ்சள் பட்டை

– பாருங்க மேடம்... பார்த்துக்கிட்டே இருங்க. ஷீட்ல இந்தக் கட்டத்துல 'முடிஞ்சது'ன்னு அடிக்கிறேன். என்டர்.

– ம்.

– மாறிடுச்சா? 'மறுபடி பார்க்க'ன்னு வந்துடுச்சு! கண்ணு முன்னாடியே மாறுது.

– வேற எதையாவது அமுக்கியிருப்பீங்க, லிஃப்ட்காரரே. கையைப் பாருங்க, எவ்வளவு கிரீஸ்.

– கிரீஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

– என் கீபோர்டுக்குச் சம்பந்தம் இருக்கு. இந்தாங்க துணி. ஷீட்டைத் திறக்கும்போது மேலே மஞ்சளா ஒரு பட்டை வருமே, அதுல 'சரி' அமுக்கினீங்களா?

– தினமும்தான் அமுக்கறேன். இன்னிக்கும் அமுக்கினேன். இதோ, துடைச்சாச்சு... 'முடிஞ்சது', என்டர். பார்த்தீங்களா? மறுபடியும்!

– ம்...

– நாலு மாடிக் கட்டடம். மூணாவது மாடியில லிஃப்ட் கதவு மூடாம நின்னுச்சு. ரோலரை மாத்தி, பத்து தடவை மேலேயும் கீழேயும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கேன். வாட்ச்மேன் கையெழுத்து போட்டிருக்கார். இது என்னடான்னா...

– முதல்ல உக்காருங்க. டீ சொல்லவா?

– டீ இருக்கட்டும். இந்த ஷீட்டுக்கு மேக்ரோ புரோகிராம் எழுதினது நீங்கதானே?

– நான்தான். அந்தக் கட்டத்துல யாராவது எதையாவது மாத்தினா அது தானா ஓடும். நீங்க 'முடிஞ்சது'ன்னு போட்டா பக்கத்துக் கட்டத்துல நேரம் விழும், கட்டடத்துக்காரருக்கு மெயில் போகும். நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்.

– ஆமாமா. முதல் வாரம் ஓட ஆரம்பிச்சது நிக்கவே இல்லையே! ஆபீஸே கையைக் கட்டிக்கிட்டு...

– அதை இன்னும் விடலையா நீங்க? நேரத்தை எழுதினதும், அடடா கட்டம் மாறிடுச்சேன்னு தன்னைத்தானே மறுபடி கூப்பிட்டுக்கிச்சு. இப்போ தானே எழுதுற மாத்தத்தை மட்டும் கண்டுக்காம கண்ணை மூடிக்கும். சரி பண்ணிட்டேன்.

– அப்போ இது?

– இது... தெரியலையே. எல்லாருக்கும் ஆகுதா?

– அங்கதான் விஷயமே. நம்ம இன்னொரு மெக்கானிக், அந்தக் கண்ணாடிக்காரருக்கு ஆகலை. வேற யாருக்கும் ஆகலை. எனக்கு மட்டும். அதுவும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போட்டாத்தான்.

– நல்லா கவனிச்சிருக்கீங்க...

– ஒரு மாசமா பார்க்கிறேன். இப்படி ஆச்சுன்னா மறுநாள் அதே கட்டடத்துக்குப் போகணும், இன்னொரு கையெழுத்து வாங்கணும், இந்த நாற்காலியில வந்து உக்காந்து உங்ககிட்ட முத்திரை வாங்கணும்.

– அவ்வளவு கஷ்டமாவா இருக்கு இந்த நாற்காலி?

– நாற்காலியை யாரு குறை சொன்னாங்க? விஷயம் வேற. ஆறு மணிக்கு மேனேஜர் இந்த ஷீட்டைத் திறக்கிறார். என் பேர்ல மட்டும் இருபத்திரண்டு 'மறுபடி பார்க்க'.

– அதனால?

– என் வேலை சரியில்லையாம். திங்கட்கிழமையிலேருந்து கடலோரக் கிளைக்கு மாத்தறாராம்.

– யாரு... யாரு சொன்னா?

– அவரேதான். மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னார்.

– அது ரயில்லயே ஒரு முழு நாள் ஆகுமே.

– ஆகும்.

– அட கடவுளே... இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்லை.

– எப்படி ஆகும்னு?

– கொஞ்சம் தள்ளுங்க. இதோ, இதுதான் மேக்ரோ. நாலாவது வரியைப் படிங்க.

– எனக்கு எங்க இதெல்லாம் புரியுது... இருங்க. இது என் எம்ப்ளாயி நம்பர்.

– ம்.

– பக்கத்துல அஞ்சு மணி.

– ம்.

– அப்போ இது தானா வந்த கோளாறு இல்லை?

– தானா எப்படி வரும்? நான் எழுதினது. தினமும் ஒரு தடவையாவது நீங்க இங்க வரணும்னு... சிரிக்காதீங்க. உங்களைப் பார்க்க எனக்கு வேற வழி தெரியலை. போன் பண்ணி என்னன்னு பேசுறது? லிஃப்ட் சௌக்கியமான்னா?

– நான் சிரிக்கலையே.

– உங்க பேரைக் கெடுத்துட்டேன். வெக்கமா இருக்கு. ஆனா நீங்க முதல் தடவை 'முடிஞ்சது' போட்ட நேரம் பக்கத்துக் கட்டத்துல அப்படியே இருக்கு, அதை நான் தொடலை. பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். இருபத்திரண்டும் அன்னன்னிக்கே முடிஞ்ச வேலை, தப்பு என்னோடதுன்னு.

– உங்க வேலை போயிடுமே.

– போனா போகட்டும். உங்களை ஊரை விட்டு அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து என்ன பண்றது?

– இருங்க, நானும் வர்றேன்.

– நீங்க எதுக்கு? நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?

– மேக்ரோ ஓடலாமான்னு கேக்கத்தானே அந்த மஞ்சள் பட்டை வருது? வேண்டாம்னு அமுக்கிட்டா எதுவும் மாறாதுன்னு கண்ணாடிக்காரர் மூணாவது நாளே சொல்லிட்டார். அதுக்கப்புறமும் தினமும் 'சரி'ன்னு அமுக்கினது யாரு மேடம்?