ஒன்பது நாள் பாலம்

— அந்தக் கத்தரிக்கோல மொதல்ல உள்ள வைங்க, பிரதான்ஜி. ரிப்பன் வெட்ட நான் வரல.

— அன்பழகன் அண்ணே, ஒக்காருங்க. நாளைக்குப் புதுப் பாலத்துல யாரு மொதல்ல நடக்கணும்னு கிராம சபையில கேட்டேன். அத்தன பேரும் உங்க பேரத்தான் சொன்னாங்க. பஞ்சாயத்துத் தலைவிங்கறதால நானா எடுத்த முடிவில்ல.

— எம் பொண்டாட்டிய முதலை இழுத்துக்கிட்டுப் போயி மூணு மாசங்கூட ஆவல. அந்தத் தண்ணிக்கு மேல நான் கைதட்டல் கேட்டுக்கிட்டு நடக்கணும். அதானே?

— அரே, கைதட்டல் எல்லாம் இல்லண்ணே. புஷ்பா அக்கா பேருதான் வைக்கிறோம். போர்டு எழுதியாச்சு.

— பேரு கெடக்கட்டும். பொறுப்பு யாரு? அதச் சொல்லுங்க. இந்தா, மூணு காயிதம். மூணு எடத்துக்கும் எழுதிப் போட்டேன், மூணுலயும் பதில் வந்துருச்சு.

— தெரியும்ணே. ஒண்ணு நான் எழுதினதுதானே.

— தெரிஞ்சாலும் கேளுங்க. இது டெல்லியில இருந்து வந்தது. மாங்குரோவ வெட்டிப் புதுசா பாலம் போடணும்னாத்தான் அவங்க அனுமதி வேணுமாம். இருக்கற பாலத்துல பலகை மாத்த ஒருத்தரையும் கேக்க வேண்டியதில்லையாம். இது போர்ட் பிளேரு. ரோடும் படகுத்துறையும் அவங்களதாம். நடைபாலத்தப் பஞ்சாயத்துக்கிட்ட ஒப்படைச்சு ஏழு வருசம் ஆச்சாம். பொறகு...

— பொறகு என்னோடது. ‘பாலத்தைப் பராமரிப்பது பஞ்சாயத்தின் பொறுப்பு.’ கீழ என் கையெழுத்து, சீலு.

— இத எப்ப எழுதினீங்க?

— அக்கா போனதுக்கு அப்புறம்.

— அதுக்கு முன்னால பதினாலு மாசம்? ஆறு பலகை ஒடஞ்சு கெடந்துச்சு. நானே வந்து இந்த மேசைக்கு முன்னால நின்னேன். என்னா சொன்னீங்க?

— ‘மேல எழுதியிருக்கேன்’னு சொன்னேன்.

— எத்தன வாட்டி?

— வந்தப்ப எல்லாம் சொன்னேன்ணே. பொய் இல்ல, எழுதத்தான் செஞ்சேன். பதினொரு லெட்டர். விடியக்காலை போலீஸ் காவலோட காட்டத் தாண்டுற கான்வாய் வண்டியப் புடிச்சு, போர்ட் பிளேருக்கு நாலு தடவ போனேன். ஒரு ரூமுல ‘காட்டு இலாகாவக் கேளுங்க’ன்னாங்க. அங்க போனா, ‘ஃபைல் டெல்லியில இருக்கு’ன்னாங்க. இன்னொரு ஆபீசர் சாப் நிமிந்துகூடப் பாக்கல, ‘ஹமாரா காம் நஹி’, எங்க வேலை இல்லன்னுட்டாரு. அவ்வளவுதான், கதவு மூடிருச்சு. மெயின்லேண்டுன்னா ஒரு எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல போயி நின்னு கத்தலாம். நமக்கு ஏதுண்ணே எம்.எல்.ஏ.? சட்டசபையே கெடையாது. மேல டெல்லி, கீழ நான். நடுவுல இருக்கறவங்க எல்லாம் டெல்லி அனுப்பின ஆபீசருங்க. அவங்க பேருகூட நம்ம வாயில நுழையறதுக்குள்ள மாத்தலாகிப் போயிடுறாங்க.

— நான் அவங்களப் பத்திக் கேக்கல. உங்களக் கேட்டேன்.

— என்னத்தான் சொல்லிட்டு வர்றேன். பலகை மாத்தலாம்னு எனக்கு மனசுக்குள்ள தெரியும். பஞ்சாயத்து செக்ரட்டரி பயமுறுத்தினாரு. ‘கிரீக்கு ஓடையில ஒரு ஆணி அடிச்சாலும் உங்க பேர்லதான் கேஸ் விழும் மேடம்’னாரு. நான் அப்பத்தான் ஜெயிச்சு வந்திருந்தேன். கேஸுன்னதும் ஃபைல மூடி வச்சுட்டேன். எழுதிப் போட்டா என் கடமை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். லெட்டர் அனுப்பின அன்னிக்கு எல்லாம் நல்லாத் தூங்கினேன்ணே. அதுதான் இப்பக் குத்துது.

— புதுப் பாலத்துக்கு எத்தன நாள் புடிச்சுது?

— வேண்டாம்ணே.

— சொல்லுங்க. என்னா, எண்ணத் தெரியாதா?

— ஒன்பது நாள்.

— ஒன்பது நாளு.

— ரவிக்குமாரும் இன்னும் ரெண்டு தச்சனும். சாத்தம் மில்லுல அறுத்த படாக் பலகை. ஒருத்தருகிட்டயும் அனுமதி வாங்கல. ஒருத்தரும் வந்து தடுக்கவும் இல்ல. கடைசிப் பலகையில ரவி ஆணி அடிச்சப்ப நான் பாக்க முடியாம ஆபீசுக்குத் திரும்பிட்டேன்.

— அவ அன்னிக்குப் போனது போலியோ சொட்டு மருந்து குடுக்க. உங்களுக்கு நெனவிருக்கா?

— மறக்குமாண்ணே? ஞாயித்துக்கெழம. அந்தக் கரையில நாலு வீடு, அஞ்சு கொழந்தைங்க. அங்கன்வாடி டீச்சருக்கு அன்னிக்குன்னு பாத்து லீவு, ஆயாவா இருந்த அக்கா தனியாப் போனாங்க. சொட்டு மருந்து டெல்லியோட திட்டம், டூட்டி போட்டது போர்ட் பிளேரு, நடந்து போற பாலம் நம்மளது. மூணு பேரோட வேலையையும் அக்கா ஒருத்தியே தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க.

— காலைல மீன்புடிக்கிற வியாகுலம்தான் தன்னோட டுங்கிப் படகுல அக்கரைக்குக் கொண்டுபோயி விட்டாரு. சாயங்காலம் கூப்பிடு, வர்றேன்னு சொல்லியிருக்காரு.

— ஆமா. அஞ்சு மணிக்கே இருட்டற ஊரு நம்ம ஊரு. வத்தத் தண்ணி. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, இடுப்பளவுதானேன்னு எறங்கிட்டாங்க. மருந்து வச்சிருந்த அந்த நீல ஐஸ் பெட்டி மறுநாள் மாங்குரோவ் வேருல சிக்கிக் கெடந்துச்சு. நான்தான் தொறந்தேன். ஐஸு கரைஞ்சு போயிருந்துச்சு. அஞ்சு பேருக்கும் சொட்டு போட்ட லிஸ்டு, கோழிக்கிறுக்கலா இருந்தாலும் அழியல.

— எதுக்குத் தொறந்தீங்க?

— தெரியல. அதுக்குள்ள வேற ஏதாச்சும் இருக்கும்னு தோணுச்சு. அண்ணே, நீங்க கோர்ட்டுக்குப் போங்க. நான் தடுக்க மாட்டேன். டெல்லியையும் இழுக்க வேண்டாம், போர்ட் பிளேரையும் இழுக்க வேண்டாம். ‘பிரதான் சுகுணாவோட அலட்சியத்தால’ன்னு எழுதுங்க. நானே சாட்சி சொல்றேன்.

— அப்படி லேசுல ஒத்துக்காதீங்க.

— ஏண்ணே?

— ஒத்துக்காதீங்கன்னு சொன்னேன்! இத்தன நாளா நான் ஒவ்வொரு ஆபீசா எழுதுறது எதுக்கு? நீங்க சண்டை போடணும். மேல கையக் காட்டணும். நான் அங்க எழுதணும், அவங்க இன்னொரு எடத்தக் காட்டணும். இப்படிப் பொசுக்குன்னு ‘நான்தான்’னுட்டா, பொறகு நான் நாளையில இருந்து என்னா செய்யிறது?

— தண்ணி குடிங்கண்ணே.

— வேணாம்.

— நானும் தூங்கல. சொன்னா சிரிப்பீங்க. அஞ்சேகால் ஆனா இந்த ஜன்னல மூடிடறேன். கிரீக்குப் பக்கம் இருந்து ஒரு கொரல் வருது. பாதிக் காத்து, பாதிக் கொரல். ‘யாராச்சும் இருக்கீங்களா’ன்னு. முந்தாநாள் தாங்காம எழுந்து கரைக்கே போனேன். ஒருத்தரும் இல்ல. தண்ணி மட்டும் ஏறிக்கிட்டு இருந்துச்சு.

— ‘யாராச்சும்’னா கேக்குது?

— ஆமா. பேரு எதுவும் சொல்லல. அதுதான் என்னைக் கொல்லுது. எனக்கு மட்டும் இல்லண்ணே. போன வாரம் வியாகுலம் அண்ணன் இங்க வந்து, நீங்க இருக்கற அதே நாற்காலியில ஒக்காந்து அழுதாரு. அக்கா கூப்பிட்டது அன்னிக்கு அவருக்குக் கேட்டுச்சாம். வலை பிரிச்சுக்கிட்டு இருந்தாராம். ‘புருசன் வீட்டுலதானே இருக்காரு, அவரே என் டுங்கிய எடுத்துக்கிட்டுப் போயிருவாருன்னு இருந்துட்டேன், சேசுவே, இருந்துட்டேனே’ன்னு தலையில அடிச்சுக்கிறாரு. நீங்க அன்னிக்கு பஸ் ஏறி ரங்கத்து டவுனுக்குப் போயிட்டீங்கன்னு அவருக்குத் தெரியாதே, பாவம்.

— ரங்கத்துக்குப் போனேன்னு யாரு சொன்னா?

— நீங்கதான். போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீங்க. நானும்தானே கூட நின்னேன்.

— பஸ்ஸு வரல.

— என்னண்ணே?

— அன்னிக்கு பஸ்ஸு வரல. ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பிட்டேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்தேன்.

— அண்ணே...

— வியாகுலத்தோட டுங்கி கரையிலதானே கட்டிக் கெடக்கு, அவரு போயிருவாருன்னு நெனச்சேன். பொறகு சத்தம் நின்னு போச்சு. சரி, போயிட்டாரு, கூட்டிக்கிட்டு வந்துருவாருன்னு பொரண்டு படுத்தேன்.

— அப்ப... உங்களுக்கும் அந்தக் கொரல் கேட்டுச்சா?

— உங்களுக்குக் கேக்குறது அவ கொரல் இல்ல, சுகுணா. அவ ‘யாராச்சும்’னு கூப்பிடவே இல்ல. ‘ஏங்க’ன்னுதான் கூப்பிட்டா.