அவள் வைத்த கண்கள்

கட்டைவிரல் உயரமே உள்ள பொம்மைச் சிப்பாய்க்குக் கண் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, சார். முதலில் வெள்ளை. அது காய்ந்த பிறகு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. மயிரிழை தள்ளிப்போனாலும் ஆளுக்கு மாறுகண் வந்துவிடும். உடுப்பு, பொத்தான், தோல்வார் எல்லாம் என் பொறுப்பு. எந்தப் படைக்கு எந்த நிறக் காலர், எந்தப் போருக்குப் பிறகு தொப்பி மாறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முகம் மட்டும் எனக்கு வராது.

முகங்களை என் மனைவிதான் வரைந்தாள்.

கல்யாணமான புதிதில் நான் ஒரு குதிரைவீரனின் கண்ணைத் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தேன். "குடுங்க, நான் வெச்சுப் பாக்கறேன்" என்று தூரிகையை வாங்கினாள். வைத்தாள். அவன் உயிரோடு என்னைப் பார்த்தான். அதன் பிறகு நான் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வருவதற்குள் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, விளக்கை இழுத்து வைத்திருப்பாள். ஒருவனுக்குப் பல்வலி முகம். ஒருவனுக்குப் புது மாப்பிள்ளை மிடுக்கு. பெரிய மீசைத் தளபதிக்கு என் மேலாளரின் மூஞ்சியை வைத்துவிட்டு, "உங்க மேனேஜர் வந்துட்டார், எழுந்து நில்லுங்க" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதுதான் சரி.

கண்காட்சிகளில் என் பெயர்தான் இருக்கும். சேகரிப்பு என்னுடையது, அதில் தப்பில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்த ஒரு கண்காட்சியில், அருங்காட்சியகத்தில் மாதிரிகள் செய்யும் பிரிவின் தலைவி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த முகமெல்லாம் யார் வரைஞ்சது?" என்று கேட்டார். "வீட்ல கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவாங்க" என்றேன். அந்த அம்மாள் என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம் போனார்.

ஒரு பெரிய போர்க்களத்தையே மேசைமேல் அமைக்கப் போகிறார்களாம். ஆயிரக்கணக்கான முகங்கள். புதுக் கட்டடம் முடிந்ததும் அவள் வந்து வரைய வேண்டும். அது வேறு ஊர். அங்கேதான் அவளுடைய அக்கா வீடும்.

"நீங்களும் வாங்களேன்" என்றாள். சிப்பாய்கள் நிற்கும் அலமாரிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். "அப்ப நான் மட்டும் ஒரு வருஷம் இருந்துட்டு வரட்டுமா?" என்றாள். போய்ட்டு வா என்றேன். மனதாரச் சொன்னது போலத்தான் சொன்னேன். அவள் தனக்கென்று ஒரு தோள்பை வாங்கினாள். பயணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே அதில் தூரிகைகளை அடுக்கி வைத்து, எடுத்து, மறுபடி அடுக்கினாள். அவள் வேலை செய்யும்போது பாடுவாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் கண்ணில் அழுத்தம் அதிகம் என்று மருத்துவர் முன்பே கண்டுபிடித்திருந்தார். வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும், நிறுத்தினால் பார்வை போய்விடும் என்றார். தானே விட்டுக்கொண்டால் கண்ணை மூடிவிடுவாள், அதனால் காலையிலும் மாலையிலும் நான்தான் விடுவேன்.

அந்தக் குப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டிய தண்ணீர். கண்ட தண்ணீரையும் அவள் கண்ணில் விடுகிற அளவுக்கு நான் மோசமானவன் இல்லை.

கொஞ்சம் மங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள், பிறகு மருந்தை ஆரம்பித்துவிடலாம். அடுத்த வாரமே, "இப்பல்லாம் எரிச்சலே இல்லைங்க, உங்க கைராசி" என்றாள்.

ஆனால் அந்த நோய் ஓரத்தைத்தான் முதலில் தின்கிறது. நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கிறது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டாள். "வயசாயிடுச்சு எனக்கு" என்று சிரித்துக்கொண்டே துடைத்தாள். முகம் மட்டும் முன்பு போலவே வரைந்தாள். எனக்கு வேறு வழியில்லாமல் தண்ணீரையே தொடர வேண்டியதாயிற்று. பரிசோதனைக்குக் கிளம்பியபோதெல்லாம், மருத்துவர் ஊரில் இல்லை என்று சொல்லி நிறுத்தினேன். அருங்காட்சியகத்தின் கட்டட வேலை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போயிற்று. ஒப்பந்தக்காரர் காலத்தோடு முடித்திருந்தால் அவள் நல்ல கண்ணோடு போயிருப்பாள். அதை யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு நாள் முரசு அடிக்கிறவனுக்குக் கண்ணைக் கன்னத்தில் வைத்துவிட்டாள். விரலால் தடவிப் பார்த்தாள். "சண்டையில அடிபட்டவன்னு வெச்சுக்குங்க" என்றாள். பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அவளால் வர முடியாது என்று அருங்காட்சியகத்துக்கு அவள் சார்பில் நானே தொலைபேசியில் சொன்னேன். அன்று மாலை நல்ல மருந்தை விட்டேன். "எரியுதே, புது மருந்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மருத்துவரிடம் கூட்டிப்போனபோது, போன நரம்பு போனதுதான் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நல்ல அமைதி. கையைப் பிடித்து நடத்துவேன். ஒவ்வொரு சிப்பாயாக அவள் உள்ளங்கையில் வைப்பேன். தொப்பியையும் நிற்கிற விதத்தையும் தடவிப் பார்த்து, இவன் பல்வலிக்காரன், இவன் மாப்பிள்ளை என்று சரியாகச் சொல்வாள்.

அவளுடைய அக்கா வந்து தங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. நடுவில் ஒரு மருந்து எரியாமல் இருந்தது, அதையே கேட்டு வாங்கலாமே என்று இவள் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா நேரே மருத்துவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். மருந்தை மாற்றவே இல்லையே என்று அவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் வாசலில் நின்று, என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். திட்டவில்லை.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனே" என்றாள்.

உண்மைதான், இருந்திருப்பாள். எனக்கும் தெரியும். ஆனால் கட்டினவளிடம் போய்க் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் நான் செய்ததுதான். ஒரே ஒரு வேண்டுகோள். அவளை அக்கா வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள், சார். அங்கே ஆளுக்கொரு வேலை, மறந்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் கண்ணுக்கு ஒரு வேளைகூடத் தவறாமல் சொட்டு விட்டவன் நான் ஒருவன்தான்.