மணக்கும் வரை ஊற்றிய முகப்பூச்சு

...கண்ணளவும் கையளவும் இருக்கும்போது முகப்பூச்சு செய்யத் தராசு எதற்கு என்று பின்வரிசையில் ஒரு சகோதரி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம் அம்மா. நானும் அப்படிக் கேட்டவள்தான். அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். இதில் வரும் மூடப் பெண்மணியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்... இப்போது ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிறகு கற்றதெல்லாம் நானே கற்றது. நூலகத்தில் கற்றேன், அடுப்பங்கரையில் கற்றேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. எவராவது கிரீம் என்றால், "முகப்பூச்சு என்று மொழியுங்கள்" என்று அங்கேயே திருத்துவேன்.

எங்கள் தெருவில் சொர்ணம் என்றொரு தோழி. அவள் மகள் குழலிக்குச் சோப்புக் கம்பெனியில் வாசனை கலக்கும் பிரிவில் வேலை. அந்தப் பெண்ணை நான் சும்மா விட்டேனா? விடவில்லை! "ஏனம்மா குழலி, ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயற்கை வாசனையை ஊரார் தோலில் பூசுகிறீர்களே, உன் மனச்சான்று உறுத்தவில்லையா?" அவள் சிரிப்பாள். "அளந்துதான் போடுறோம் அத்தை" என்பாள். அளந்தால் நஞ்சு அமுதமாகிவிடுமா என்று நான் கால் மணி நேரம் சொற்பொழிவாற்றுவேன்... பேருந்து நிறுத்தத்தில்.

அந்தக் குழலிக்குக் கல்யாணம் வந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மணப்பெண்ணுக்கு என் கையால் ஒரு முகப்பூச்சு செய்வதென்று முடிவெடுத்தேன். தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, மணத்துக்குப் பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும். முற்றிலும் இயற்கை!

ஞாயிறு காலை தொடங்கினேன். பத்துத் துளி விட்டேன். முகர்ந்தேன். மணந்தது. கிண்டினேன், முகர்ந்தேன்... மணம் குறைந்தாற்போல் இருந்தது. இன்னும் பத்துத் துளி. கிண்டினேன், முகர்ந்தேன்... எங்கே மணம்? நண்பகலில் புட்டியையே கவிழ்த்துவிட்டேன். வாசலில் வந்த தபால்காரர் மூன்று முறை தும்மினார். பாவம், சளி பிடித்திருக்கிறது என்று நான் இரக்கப்பட்டேன்.

டப்பாவின் மேல் என்ன அச்சடித்து ஒட்டினேன் தெரியுமா? "அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு." நானேதான் ஒட்டினேன்!

திங்கட்கிழமை ஒரு டப்பாவைக் குழலியிடம் கொடுத்தேன். "இதைப் பூசு. கல்யாணத்தன்று முகம் நிலவாக இருக்கும்." நானும் பூசிக்கொண்டேன். சுரீரென்று எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள்... யார் சொன்னது? நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். செவ்வாயன்றும் பூசினேன். புதன் காலை கண்ணாடியைப் பார்த்தால், சுட்ட கத்தரிக்காய் ஒன்று பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த நொடியில் குழலியை நினைத்துப் பதறினேன் என்றால் அது பொய். ஊருக்குத் தெரிந்தால் என் பெயர் என்னாவது என்றுதான் முதலில் பதறினேன். வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாமா என்றும் எண்ணினேன். அதற்குப் பிறகே உறைத்தது... நாளை மறுநாள் முகூர்த்தம். அந்தப் பிள்ளையின் முகம்!

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன். சொர்ணம் கதவைத் திறந்தாள்.

"யாரு? ஐயோ, அக்காவா! என்னக்கா, குளவி கொட்டிருச்சா?"

"குழலி அந்தக் கிரீமைப் பூசினாளா? சொல்லடி சொர்ணம்!"

ஆம் சகோதரிகளே, கிரீம் என்றுதான் சொன்னேன். அச்சத்தில் செந்தமிழ் ஓடிவிட்டது.

குழலி வெளியே வந்தாள். முகம் துலக்கிய குத்துவிளக்கு! நான் மூச்சு விட்டேன். அவள் இடது கையை நீட்டினாள். முழங்கைக்கு உள்பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது.

"எதுவா இருந்தாலும் இங்க கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பார்ப்பேன் அத்தை. எங்க கம்பெனி கிரீமும் அப்படித்தான். நேத்து சாயங்காலம் சிவந்துச்சு. உங்க மனசு நோகுமேன்னு, கல்யாணம் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க பூசிக்குவீங்கன்னு நினைக்கல."

"சமைச்சவங்க சாப்பிட மாட்டாங்கன்னு நினைச்சியாடி?" என்றாள் சொர்ணம்.

"எவ்வளவு எண்ணெய் விட்டீங்க அத்தை?"

என்ன சொல்வேன்? இத்தனை நூல் கற்றவள் என்ன சொல்வேன்?

"...மணக்கும் வரை."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சலைவிட அதிகமாக எரிந்தது. "நாங்க மூணு தடவை மோந்தா வெளிய போய் நின்னுட்டு வருவோம். மூக்கு பழகிப்போனா எவ்வளவு ஊத்தினாலும் மணக்காது அத்தை. அதான் தராசு."

தோல் மருத்துவரிடம் அவளே அழைத்துப் போனாள். வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் ஒளிந்திருந்த என்னை மேடைக்கு இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். கல்யாண ஆல்பத்தில் இன்றும் இருக்கிறோம்... ஒரு குத்துவிளக்கு, ஒரு கத்தரிக்காய்.

தாய்மார்களே, செயற்கை வாசனைக்கு நான் நற்சான்றிதழ் வழங்க வரவில்லை. அதுவும் சிலர் தோலுக்கு ஒவ்வாது. சிலருக்கு எந்த வாசனையுமே ஒவ்வாது. அவர்களுக்கு மணமில்லாததைச் செய்து கொடுங்கள். ஆனால் தோல் ஜாதகம் பார்ப்பதில்லை. காட்டில் பிறந்தாயா, ஆய்வுக்கூடத்தில் பிறந்தாயா என்று கேட்பதில்லை. நீ யார், எவ்வளவு வந்தாய் என்றே கேட்கிறது. எனவே அளந்து போடுங்கள். போட்டதை டப்பாவில் எழுதுங்கள். பூசுமுன் கையில் தடவிப் பொறுத்திருந்து பாருங்கள்.

இன்னொன்று. அன்று சமையலறையில் இருந்த அந்த மணம் போன்றதே என் பெருமையும். தெரு முழுக்கத் தும்மியது... எனக்கு மட்டும் மணக்கவே இல்லை.

சொல்லுங்கள், பின்வரிசைச் சகோதரி... தராசு எதற்கு?