வெள்ளக் கணக்கு பொதுக் களஞ்சியம் புகுந்த கதை

என் பேச்சுக்குப் பத்தே நிமிடம் அளந்து கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்த அறிஞர்களே! மடியில் பிள்ளையும் தோளில் மடிக்கணினியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! பிழை தேடிப் பெருமூச்சு விடும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

ஆற்றில் வெள்ளம் எப்போது, எவ்வளவு உயரும் என்று கணக்கிடும் மென்பொருளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். திருத்தும் உரிமையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன். அது குடியிருந்த பழைய சர்வரை மூடப்போவதாகச் செய்தி வந்தது. ஆராய்ச்சியாளர்கள் கூடி நடத்தும் பொது மென்பொருள் களஞ்சியத்துக்கு மாற்றாவிட்டால், வரும் மழைக்குக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை இல்லை. மாற்றலாமென்றால், அங்கே திருத்தும் உரிமையுள்ள பராமரிப்பாளர் இருவர் வேண்டுமாம். என் பிள்ளைக்கு இன்னொரு தாயா? கொதித்தேன், குமுறினேன்! யார் அங்கே சிரிப்பது? என் கணவரா? சிரியுங்கள், வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்!

களஞ்சியத்தில் எதையும் முதலில் ஒரு வெற்றுக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடியதா? ஓடவில்லை. என் மேசைக் கணினியில் நான் வைத்திருந்த 'உண்மையிலேயே கடைசி' என்ற ஃபோல்டரை அது அங்கே போய்த் தேடியிருக்கிறது!

என் மென்பொருளை ஆண்டுதோறும் மழைக்கு ஓட்டும் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உங்களுக்கு மட்டும் எப்படிம்மா ஓடுது?"

"எட்டு வருஷமா எங்க கம்ப்யூட்டர்லயும் அதே பேர்ல ஒரு ஃபோல்டர் வெச்சிருக்கோம் மேடம்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மூணு தடவ சொன்னோம். நீங்கதான் 'எனக்கு நல்லா ஓடுதே'ன்னுட்டீங்க."

வெட்கிப்போனேன், நண்பர்களே! அன்றே அந்த அம்மாவையே இரண்டாவது பராமரிப்பாளராகச் சேர்த்தேன். இருவருமாய் உட்கார்ந்து அந்த ஃபோல்டரை ஒழித்துக்கட்டினோம். களஞ்சியம் எங்களை ஏற்றுக்கொண்டது.

சென்ற மாதம் அறுவை சிகிச்சை மேசையில் மயங்கிக் கிடந்தேன். வெளியே கொட்டும் மழை. மென்பொருளில் புதிதாய் ஒரு பிழை! அந்த அம்மா திருத்தினார். களஞ்சியத்தில் முகம் தெரியாத ஒருவர் சரிபார்த்தார். ஐந்து மணி நேரம் முன்னதாகவே எச்சரிக்கை போனது. கரையோரத் தெருக்கள் காலியாகின. ஓர் உயிர் போனதா? இல்லை! ஒரு குழந்தை தவித்ததா? இல்லை! என்னை யாராவது தேடினார்களா? அதுவும் இல்லை! கண் விழித்து அதைக் கேட்டபோது மகிழ்ச்சி தாங்காமல் அழுதேன்.

எழுதியதைக் கொடுங்கள், உரிமையோடு கொடுங்கள்! கொடுத்துவிட்டு நிம்மதியாய்க் காய்ச்சலில் படுங்கள்; ஊர் பார்த்துக்கொள்ளும்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பன்னிரண்டாவது நிமிடத்தையும் மன்னித்த தலைவருக்கும் நன்றி, வணக்கம்!